அயலான் கேட்கும்வரை காத்திருப்பதா?

 

நாம் ஆலிமும் அல்லர். பெரிய படிப்பாளியும் அல்லர். மதுரஸாவில் ஓதியதும், ஆரம்பப் பள்ளியில் படித்ததும், அதன் பின்னர் கல்லாப் பெட்டியின் அருகில் நின்று கற்றதுமே நமது கல்வி. ஆயினும் ஒரு கேள்வி சில ஆண்டுகளாக நம் மனத்தை விட்டு அகலாமல் இருந்து வருகிறது. அதை நம்மைப் போன்ற வியாபாரிகளின் முன்வைப்பது நலம் என்று கருதி இதை எழுதத் துணிந்தோம். கஷ்டப்படும் அயலான் வாய்திறந்து கேட்ட பின்னர் உதவினால் நமது கடமை தீர்ந்துவிடுமா? அல்லது அவன் கேட்பதற்கு முன்னரே அறிந்துகொள்வதும் நமது கடமைதானா?

கண்ணுக்குத் தெரியும் துன்பத்தில் மனிதர் பெரும்பாலும் நல்லவராகவே நடந்துகொள்கிறார்கள். 1961 மே 25 அன்று, ஹஜ்ஜுப் பெருநாள் தினத்தில், சிங்கப்பூரில் புக்கிட் ஹோ சுவீ கம்பம் தீப்பற்றி எரிந்தது. ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தார்கள். அவர்கள் தங்குவதற்குப் பள்ளிக்கூடங்கள் திறந்துவிடப்பட்டன. பல இனத்தாரும் துணியும் பணமும் கொடுத்தார்கள். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கு மாநிலம் புயல் மழையில் மூழ்கியபோதும் அப்படியே. புக்கிட் மெர்தாஜாம் பக்கத்தில் ஒரு பள்ளிவாசல் தன் கதவைச் சீன அயலாருக்கும் திறந்துவிட்டது. "உதவி வேண்டுமா?" என்று அப்போது யாரும் யாரையும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

தீக்குப் புகை உண்டு. வெள்ளத்துக்கு இரைச்சல் உண்டு. பசிக்கு இரண்டும் இல்லை. அது கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது. அடுத்த வீட்டிலிருப்பவருக்கும் தெரிவதில்லை.

இதை நாம் நன்கு உணர்ந்தது கொரோனா காலத்தில். மலேசியாவில் 2020 மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. 2021 ஜூன் முதல் தேதி மறுபடியும் நாடு முழுவதும் அடைக்கப்பட்டது. அந்த ஜூன் மாதக் கடைசியில் ஒரு புதிய காட்சியைக் கண்டோம். வீட்டில் சாப்பாட்டுக்கு வழியில்லாதவர்கள் வாசலிலோ ஜன்னலிலோ ஒரு வெள்ளைத் துணியைக் கட்டும்படி ஓர் அறிவிப்பு ஜனங்களிடையே பரவிற்று. 'பெண்டேரா பூத்தே', அதாவது வெள்ளைக் கொடி, என்று அதற்குப் பெயர். கொடியைக் கண்ட அயலார் அரிசியும் முட்டையும் எண்ணெயும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். கொடி எங்கே பறக்கிறது என்று கைப்பேசியில் காட்டுவதற்கு வாலிபர்கள் வரைபடங்கள் தயாரித்தார்கள். அரசியல்வாதிகள் சிலர் அது கௌரவக் குறைவு என்று குறை சொன்னதும் உண்டு. ஆனால் பசித்தவனுக்குச் சோறு கிடைத்தது. அது மெச்சத்தக்க காரியமே.

இனி நமது குறையைச் சொல்கிறோம்.

நமது மளிகைக் கடை ஒரு தாமானில் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேன் ஓட்டி ஒருவர் அங்கே குடியிருக்கிறார். தமிழர், ஹிந்து சகோதரர். நம் வாப்பா காலத்திலிருந்தே நம் கடையில் பற்று வைத்திருந்தவர். பள்ளிகள் மூடியதும் அவருடைய வருமானம் அடியோடு நின்றுவிட்டது. பற்று 300 வெள்ளியைத் தாண்டிற்று. ஒரு நாள் காலை, நாலு பேர் நின்றுகொண்டிருந்தபோது, "பழைய பாக்கி என்னாச்சு?" என்று கேட்டுவிட்டோம். கோபமாகக் கேட்கவில்லை. வியாபாரத்தில் சகஜமாகக் கேட்கும் கேள்விதான். அவர், "தந்துடுறேன் பாய்" என்று சொல்லிவிட்டு, எடுத்த சாமானை மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனார். அதன்பின் வரவில்லை.

நாம் என்ன நினைத்தோம்? வேறு கடையில் ரொக்கம் கொடுத்து வாங்குகிறார், நமது பணத்தைத் தராமல் ஏய்க்கிறார் என்று நினைத்தோம். மூன்று வாரம் சென்றபின், அவருடைய வாசல் கம்பியில் வெள்ளைக் கொடி கட்டியிருப்பதாக நம் கடைப்பையன் வந்து சொன்னான். நாம் போய்ச் சேருமுன்பே நாசி லெமாக் விற்கும் மலாய் அம்மையார் ஒரு பாத்திரத்தோடு அங்கே நின்றார். மோட்டார் பட்டறைச் சீனர் ஓர் அரிசிப் பையை இறக்கிக்கொண்டிருந்தார். கடைசியாகப் போனவர் நாமே. "ஏன் கடைக்கு வரவில்லை?" என்று கேட்டோம். "பழைய பாக்கியை வச்சுக்கிட்டு எந்த முகத்தோட வர்றது பாய்?" என்றார்.

சகோதரர்களே! அந்த வார்த்தை நம்மை உலுக்கிவிட்டது. ஊரெல்லாம் அறியும்படி கொடி கட்டத் துணிந்த மனிதருக்கு நமது கடை வாசலை மிதிக்கத் துணிவு வரவில்லை. அவருக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவே நின்றது நமது பற்றுப் புத்தகம்!

அயலார் பசித்திருக்கத் தான் மட்டும் வயிறார உண்பவனை நபி பெருமானார் (ஸல்) அவர்கள் கண்டித்திருப்பதை நாமெல்லாம் அறிவோம். "அடுத்த வீட்டான் பசித்திருப்பது எனக்குத் தெரியாதே!" என்று பிறர் ஒருவேளை சொல்லலாம். வியாபாரி அப்படிச் சொல்ல முடியுமா? பத்துக் கிலோ அரிசிப் பை வாங்கியவர் ஐந்து கிலோவுக்கு இறங்குவதும், பிறகு கிலோக் கணக்கில் கேட்பதும் நமக்குத்தான் முதலில் தெரியும். பெரிய டின் பால்மாவு சிறிய பாக்கெட்டாவதும் நம் கண்ணெதிரில்தான் நடக்கிறது. அண்டை வீட்டாரோ உறவினரோ அறிவதற்கு முன்பே நம் தராசு அறிந்துவிடுகிறது. வெள்ளைக் கொடி வாசலில் ஏறுவதற்கு இரண்டு மாதம் முன்னதாகவே அது நமது கணக்குப் புத்தகத்தில் ஏறிவிடுகிறது.

குர்ஆன் ஷரீபில் அல்பகரா சூராவின் 282வது ஆயத்தை வியாபாரிகளாகிய நாம் நன்றாக நினைவில் வைத்திருக்கிறோம். கடனை எழுதிக்கொள்ளக் கட்டளையிடும் ஆயத் அது. குர்ஆனிலேயே மிக நீண்டது. ஆனால் அதற்குச் சற்று முன்னால் 280வது ஆயத் இருக்கிறது. கடன்பட்டவன் நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை தவணை கொடுக்கவும், விட்டுக்கொடுப்பது மேலும் நல்லது என்றும் அது போதிக்கிறது. இன்னும் சற்று முன்னே 273வது ஆயத், மானத்தால் கேளாதிருக்கும் ஏழைகளைப் பற்றியது. அறியாதவன் அவர்களைச் செல்வர் என்றே எண்ணிவிடுவான்; அடையாளத்தைக் கொண்டுதான் அவர்களை அறிய வேண்டும் என்பது அதன் கருத்து. எழுதச் சொன்னதை விடாமல் செய்யும் நாம், அதற்கு முன் சொல்லப்பட்ட இரண்டையும் மறந்துவிட்டோமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு ஆட்சேபம் எழும். "கேட்காதவனுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தால் கடை நிலைக்குமா? சரக்குக் கொடுத்த மொத்த வியாபாரி நமக்குத் தவணை தருவானா?" என்பார்கள். நியாயமான கேள்வியே. வாடகையும் சம்பளமும் கொடுக்கவேண்டிய கடைக்காரன் தனியாக எல்லாச் சுமையையும் தாங்க முடியாது. கடை மூடிவிட்டால் யாருக்கும் உதவ முடியாது. ஆகவேதான் இது ஒருவர் காரியம் அல்ல, அயலார் பலர் கூடிச் செய்யவேண்டிய காரியம் என்கிறோம். ஒருவருக்கு மலையாகத் தோன்றுவது ஐவருக்குக் கூடைச் சுமைதான்.

இன்னொரு சங்கடமும் உண்டு. பலர் கூடி உதவவேண்டுமானால் இன்னார் கஷ்டப்படுகிறார் என்று ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டியிருக்கிறது. சொன்னால் அவர் மானம் போகிறது. சொல்லாவிட்டால் உதவி சேராது. இக்காலத்தில் ஐந்து கிலோ அரிசி கொடுத்தாலும் வாங்குபவரை நிறுத்திவைத்துப் படம் பிடித்து நாலு பேருக்கு அனுப்பிவிடுகிறார்கள். கொடுத்த அரிசி ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும். படமோ அவருடைய பிள்ளைகளின் கண்ணில் என்றைக்கும் படும். ஸதகாவை வெளிப்படையாகக் கொடுப்பதும் நல்லதே, மறைத்துக் கொடுப்பது அதைவிட நல்லது என்பதும் அதே சூராவில் சொல்லப்பட்டதுதான்.

அந்தக் கொடியைக் கண்ட பின் நம் வரிசைக் கடைக்காரர் ஐவர் பேசி ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். நாமும், பட்டறைச் சீனரும், மலாய் அம்மையாரும், தையற்காரரும், முடிதிருத்துபவரும் மாதம் ஆளுக்கு 50 வெள்ளி ஒரு டின்னில் போடுவது. ஐவரில் யாருடைய கணக்கிலாவது ஒருவர் முடியாமல் தத்தளிப்பது தெரிந்தால், அந்தப் பக்கத்தைத் திறந்து, பெயரைக் கையால் மறைத்துக்கொண்டு, தொகையை மட்டும் மற்றவர்களிடம் காட்டுவது. டின்னிலிருந்து அந்தப் பற்றில் ஒரு பகுதி வரவு வைக்கப்படும். ஆள் யார் என்று யாரும் கேட்பதில்லை. சம்பந்தப்பட்டவரிடம், "உங்கள் கணக்கில் சுமை குறைந்திருக்கிறது, தயங்காமல் வாருங்கள்" என்று மட்டும் சொல்லப்படும். ஜக்காத்துக்கு ஷரீஅத்தின் சட்டங்கள் தனியே உண்டு. அதை ஆலிம்களிடம் கேட்டுச் செய்யவேண்டும். இது ஜக்காத் அல்ல. அயலார் செய்துகொண்ட ஏற்பாடு.

ஏமாந்தது உண்டா என்று கேட்பீர்கள். உண்டு, இருமுறை ஏமாந்தோம். அழுகிய வெங்காயத்திலும் உடைந்த முட்டையிலும் வருஷந்தோறும் அதைவிட அதிகம் இழக்கிறோம். அதற்காக யாரும் வெங்காயம் விற்பதை நிறுத்துவதில்லை.

வேன் ஓட்டியின் பாக்கியில் பாதியை டின் ஏற்றது. பள்ளிகள் திறந்தபின் மீதியை அவர் கொஞ்சங் கொஞ்சமாகக் கொடுத்துத் தீர்த்தார். இன்றும் நம் கடைக்குத்தான் வருகிறார், சிரித்துப் பேசுகிறார். ஆனால் ரொக்கத்துக்கே வாங்குகிறார். அதற்குப்பின் ஒரு நாளாவது பற்று எழுதச் சொன்னதில்லை. டின் அவருடைய கடனைத் தீர்த்தது. நாலு பேர் முன்னிலையில் நாம் கேட்ட கேள்வியைத் திரும்பப் பெற அதனால் இயலவில்லை. அதற்கு நாம் அல்லாஹ்விடமும் அவரிடமும் மன்னிப்புக் கேட்டவர்களாயிருக்கிறோம்.

ஆகவே சகோதரர்களே, கேட்டபின் கொடுப்பது நன்மைதான். ஆனால் அயலானின் கடமை அதற்கும் முன்பே தொடங்கிவிடுகிறது என்பதே நமது எண்ணம். இன்றிரவு கடை அடைத்தபின் கணக்குப் புத்தகத்தை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். யார் எவ்வளவு தரவேண்டும் என்று பார்ப்பதற்காக அல்ல. யார் சில வாரங்களாக வரவில்லை என்று பாருங்கள். பிறகு பக்கத்துக் கடைக்காரரோடு உட்கார்ந்து ஒரு கோப்பைத் தேநீர் அருந்தி, பெயரைச் சொல்லாமல் பேசுங்கள்.

கேளாதவரின் தேவையை அறியும் கண்ணையும், அறிந்ததை மறைத்துவைக்கும் நாவையும், கூடிக் கொடுக்கும் மனத்தையும் அல்லாஹு தஆலா நமக்கெல்லாம் தந்தருள்வானாக! ஆமீன்.