ஊசி காண்பது எதை?

நாள்பட்ட கல்லீரல் நோயில் தழும்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அறிய, பயாப்ஸியே இறுதிச் சாட்சி என்று மருத்துவ உலகம் வெகுகாலம் நம்பியது. ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் ஊகம், இது கண்கூடு. அறிவின் வழிகளைக் காட்சி, கருதல், உரை என்று பிரித்த சைவ சித்தாந்திகளிடம் இந்த நம்பிக்கையைக் கொண்டுபோனால் நிற்காது. நோயாளி வலக்கையைத் தலைக்குமேல் வைத்து மல்லாந்து படுக்கிறார். மூச்சை விட்டு அடக்கச் சொல்கிறார்கள். விலா எலும்புகளுக்கிடையே ஊசி நொடியில் போய் வருகிறது. ஃபார்மலின் குப்பியில் விழும் நூல்போன்ற திசு, முழு ஈரலில் ஏறத்தாழ 50,000-இல் ஒரு பங்கு. நோயியல் மருத்துவர் காண்பது அந்த நூலை. ஈரலை அவர் கருதிக்கொள்கிறார். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பானை முழுதும் ஒன்றுபோல் வெந்திருந்தால்தான். 2002-இல் வெளியான ஓர் ஆய்வில் ஹெபடைடிஸ் சி உள்ள 124 பேருக்கு வலது, இடது மடல்கள் இரண்டிலும் திசு எடுத்தார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத் தழும்பின் நிலை மடலுக்கு மடல் மாறியிருந்தது.

ஆக, நேரில் காண்கிறோம் என்பது உடலைத் துளைக்கப் போதுமான நியாயம் இல்லை. வலி பலருக்கு உண்டு; ரத்தக்கசிவு அரிது, உயிரிழப்பு மிக அரிது, ஆனால் இல்லாமல் இல்லை. விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேனும் ஊகம்தானே என்று கேட்கலாம். ஊகம்தான், ஈரல் வீங்கியிருந்தாலும், சற்றுமுன் சாப்பிட்டிருந்தாலும்கூட அதன் கணக்கு ஏறிவிடும். ஆனால் இரண்டும் ஊகமென்றால், காயப்படுத்தும் ஊகம்தான் தன் தேவையை முதலில் நிரூபிக்க வேண்டும். அப்படி நிரூபிக்கும் இடங்கள் உண்டு. உடலே தன் ஈரலைத் தாக்கும் ஆட்டோஇம்யூன் ஹெபடைடிஸில், விறைப்பின் அளவு நோயின் காரணத்தைச் சொல்லாது. ஆண்டுக்கணக்கில் ஸ்டீராய்டு கொடுக்குமுன் திசுவைப் பார்ப்பதே நேர்மை. விடை எதுவானாலும் சிகிச்சை மாறப்போவதில்லை என்றால், அறியும் ஆசை மட்டும் ஊசிக்கு உரிமை தராது.

இந்த அளவுகோலையே ஆட்டிப்பார்க்கும் மறுப்பு ஒன்று உண்டு. கொழுப்பு ஈரல் அழற்சிக்கு ரெஸ்மெட்டிரோம் மாத்திரை 2024 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன் சோதனையில் சேர்ந்தவர்களுக்கு 52 வாரம் கழித்து மீண்டும் பயாப்ஸி செய்தார்கள். வெற்று மாத்திரை விழுங்கியவர்களும் இதில் அடக்கம். இன்று அந்த மருந்தைத் தொடங்க பயாப்ஸி கட்டாயமில்லை. முன்பின் தெரியாதவர்கள் ஏற்ற காயம்தான் பின்னால் வந்தவர்களை ஊசியிலிருந்து காத்தது. அதைத் தவறென்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அந்த ஊசியின் நியாயம் சிகிச்சை அல்ல, தானம். தருகிறோம் என்று தெரியாமல் தருவது தானமாகாது. எனவே ஒப்புதல் படிவத்தின் நடுவில் எங்கோ பொடி எழுத்தில் அல்ல, முதல் வரியிலேயே இருக்கவேண்டும்: இந்த ஊசி உங்களுக்காக அல்ல.