நின்று பார்த்தவை

படம் முடிந்து விளக்கு எரிந்ததும் வாயில் வருகிற அபிப்பிராயத்தை நான் அதிகம் நம்புவதில்லை. அன்றைக்குக் கை தட்ட வைத்த படத்தில், ஒரு வாரம் கழித்து யோசித்தால், ஒரு முகம்கூட மிஞ்சாது. சில படங்கள் பார்க்கும்போது சும்மா இருந்துவிட்டு, பிறகு வேலைக்கு நடுவில் வந்து நிற்கும். ஆறிய பிறகும் மிஞ்சியவற்றை மட்டும் இங்கே எழுதி வைக்கிறேன்.

*

எங்கள் ஊர் வடக்குத்து, பண்ருட்டிக்கும் வடலூருக்கும் நடுவில், நெய்வேலியை ஒட்டி இருக்கிறது. நெய்வேலிச் சுரங்கத்தில் வேலை பார்க்கிறவர்கள் நிறைய என்பதால், இங்கே பல வீடுகளில் கடிகாரத்தைவிட ஷிஃப்ட்தான் பெரிது. நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவர் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருப்பார். கூடத்தில் டிவி சத்தத்தைக் குறைத்து வைத்து சீரியல் ஓடும். சத்தமில்லாமல் பார்த்தால் சீரியலின் சத்து தெரிந்துவிடும். இன்று வருகிறவற்றில் பெரும்பாலானவை பின்னணி இசையை எடுத்தால் நிற்பதில்லை. ஒரு வார்த்தை பேசியதும் கூடத்தில் உள்ள அத்தனை முகங்களையும் காட்டி, அதிர்ச்சியடையச் சொல்லி நம்மை வற்புறுத்துகிறார்கள்.

2002இல் சன் டிவியில் தொடங்கிய ‘மெட்டி ஒலி’ அப்படி இல்லை. திருமுருகன் இயக்கியது. ஐந்து பெண்களைக் கட்டிக்கொடுத்த சிதம்பரமாக டெல்லி குமார் ஒரு வீட்டு வாசலில் வந்து நிற்பார். உள்ளே போகலாமா, மகளை இப்போது கூப்பிடலாமா என்கிற தயக்கம் முழுவதும் அவர் நிற்கிற விதத்திலேயே தெரியும். அங்கே பின்னணி இசைக்கு வேலையே இல்லை. பார்ப்பவருக்குப் புரியும் என்ற நம்பிக்கை இயக்குநருக்கு இருந்தது. தொலைக்காட்சி நமக்குக் காட்டக்கூடிய பெரிய மரியாதை அதுதான்.

*

பாலுமகேந்திராவின் ‘வீடு’ 1988இல் வந்தது. அதை எங்கள் ஊர்ப் படம் என்றே சொல்வேன், கதை நடப்பது சென்னையில் என்றாலும். நெய்வேலி நிலக்கரி நிறுவனமான என்.எல்.சி.யில் வேலை பார்த்தவர்கள் ரிட்டயர் ஆனால் குவாட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். அப்படி வந்தவர்கள் மனை வாங்கிக் கட்டிய வீடுகள் எங்கள் பக்கம் நிறைய. கடன், சிமெண்ட், மணல், பாதியில் விட்டுப் போகும் கான்ட்ராக்டர் என்று அந்தப் படத்தில் சொந்த வீடு கட்ட முனைகிற சுதா படுகிற ஒவ்வொன்றும் இங்கே யாரோ ஒருவர் பட்டது.

படத்தில் பாட்டே கிடையாது. இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பில் இருந்த இசையே பயன்பட்டிருக்கிறது. சொக்கலிங்க பாகவதர் நடித்த தாத்தா, பாதி எழும்பிய வீட்டைத் தனியாகப் பார்க்க வருகிறார். பூசாத சுவரைத் தடவிக்கொண்டே அறை அறையாக நடக்கிறார். கதை அங்கே ஓர் அங்குலமும் நகரவில்லை. ஆனால் ஒரு வீடு மனிதனுக்கு என்ன என்பதை அதைவிடத் தெளிவாக எந்த வசனமும் எனக்குச் சொன்னதில்லை.

கடைசியில் அந்த மனையையே அரசு குடிநீருக்காக எடுத்துக்கொண்டது என்று தெரிகிறது. நிலம் எடுப்பு என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த ஊரில் இந்த முடிவை யாரும் சும்மா பார்த்துவிட்டுப் போக முடியாது.

*

தங்கர் பச்சான் பிறந்த பத்திரக்கோட்டை எங்கள் பண்ருட்டிப் பக்கம். 2007இல் வந்த ‘ஒன்பது ரூபாய் நோட்டு’ அவருடைய நாவலையே அவர் படமாக்கியது. மாதவப் படையாட்சியாக சத்யராஜ், வேலாயியாக அர்ச்சனா. ‘வீடு’ படத்தின் சுதாவும் இதே அர்ச்சனாதான். பலாவும் முந்திரியுமாக வாழ்ந்த ஒரு பெரிய விவசாயி, பிள்ளைகளால் எல்லாம் இழந்து வெளியேறுகிற கதை. சில இடங்களில் சோகம் அளவுக்கு மீறுகிறது; நம்மை அழவைத்தே தீருவது என்கிற பிடிவாதம் தெரிகிறது. அப்படியும் நான் அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். செம்மண்ணில் புழங்குகிறவன் எப்படி உட்காருவான், பலாப்பழத்தை எப்படித் தட்டிப் பார்ப்பான் என்று தெரிந்த ஒருவர் எடுத்த படம் அது.

2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கரையைக் கடந்தபோது கடலூர் மாவட்டத்தின் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. தாத்தா நட்ட மரங்கள் ஒரே காலையில் போயின. அந்தத் தோப்பு வாழ்க்கையை அதற்கு நாலு வருடம் முன்பே ஒருவர் பொறுமையாகப் படம்பிடித்து வைத்தாரே என்ற நன்றி எனக்கு உண்டு.

*

வடலூரில் தைப்பூசத்தன்று ஏழு திரைகளை நீக்கி ஜோதி காட்டுவார்கள். 1872 முதல் நடக்கிறது. ஜோதி தெரிவது கொஞ்ச நேரம்தான். அதற்காக எத்தனையோ பேர் மணிக்கணக்கில் நிற்கிறார்கள். காத்திருந்து பார்ப்பதும் போகிற போக்கில் பார்ப்பதும் ஒன்றல்ல என்பதை நான் அங்கேதான் உணர்ந்தேன்.

பாட்டுக்கும் இது பொருந்தும். இளையராஜா பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் வயலின்களை வைத்து ஒரு தனி உலகமே கட்டுவார். அதைக் கடந்து வந்தால்தான் சரணம் வேறு வெளிச்சத்தில் கேட்கும். இப்போது அரை நிமிட ரீல்ஸில் பல்லவியின் ஒரு வரி மட்டும் சுற்றிச் சுற்றி வருகிறது. அந்த வரி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பாட்டைக் கேட்டவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். ஒரு பாட்டையாவது வேறு வேலை எதுவும் செய்யாமல் முழுதாகக் கேளுங்கள் என்று என் வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்கிறேன்.

*

பழையதெல்லாம் பொன் என்று நான் சொல்லவில்லை. 2018இல் மாரி செல்வராஜ் எடுத்த ‘பரியேறும் பெருமாள்’ இரண்டு டீ கிளாஸ்களோடும் நடுவே ஒரு பூவோடும் முடிகிறது. அத்தனை சாதி வன்மத்தைக் காட்டிய படம், தீர்ப்பு எதுவும் சொல்லாமல் அந்த இரண்டு கிளாஸ்களை நம் முன்னே வைக்கிறது. நாயகன் பரியனின் அப்பாவாக நடித்தவர் தங்கராஜ் என்கிற நிஜக் கூத்துக் கலைஞர். அவர் அவமானப்பட்டு ஓடுகிற காட்சியைக் கேமரா பாதியில் விட்டுவிட்டு ஓடவில்லை. நிதானம் வயதைப் பொறுத்தது இல்லை. மனிதர்மேல் உள்ள அக்கறையைப் பொறுத்தது.

*

தமிழ் சினிமா நெய்வேலிக்கு இரண்டு முறை பெரும் கூட்டத்தோடு வந்தது. 2002 அக்டோபர் 12ஆம் தேதி, காவிரிப் பிரச்சினையில் கர்நாடகத்துக்கு நெய்வேலி மின்சாரம் போகக் கூடாது என்று பாரதிராஜா தலைமையில் திரையுலகம் இங்கே திரண்டது. 2020 பிப்ரவரியில் சுரங்கத்தில் ‘மாஸ்டர்’ படப்பிடிப்பு. வெளியே நின்ற கூட்டத்தோடு விஜய் எடுத்த செல்ஃபி ஊர் உலகமெல்லாம் போனது. அந்த நாட்களின் சந்தோஷம் உண்மையானது.

ஆனாலும் சுரங்கம் ஆழமான ஓர் இடம் என்பதற்காக மட்டும் கேமராவுக்குப் பிடித்துப்போனால் போதாது. 1956இல் என்.எல்.சி. வந்ததிலிருந்து நிலம் கொடுத்துவிட்டு வேறிடம் போன கிராமங்கள் உண்டு. நிரந்தர வேலைக்கு வருடக்கணக்காகக் காத்திருக்கிற கான்ட்ராக்ட் தொழிலாளிகள் உண்டு. நைட் ஷிஃப்டுக்குப் புருஷனை அனுப்பிவிட்டுப் பிள்ளைகளோடு தனியாகத் தூங்கிய பெண்கள் உண்டு. நான் பார்த்தவரை இவர்களுடைய கதையை யாரும் முழுசாக எடுக்கவில்லை.

திரையில் வெளிச்சம் வருவதற்கு மின்சாரம் வேண்டும். அந்த மின்சாரத்துக்காக ஊரைக் கொடுத்தவர்களுக்கு இரண்டரை மணி நேரம் கொடுப்பது சினிமாவின் கடமை என்று நான் மனமார நினைக்கிறேன். ‘வீடு’ தாத்தாவுக்குக் கிடைத்த நிதானத்தோடு அதை ஒருவர் எடுக்கட்டும். எங்கள் பிள்ளைகளில் ஒருத்தியே எடுத்தால் இன்னும் நல்லது.