இல்லை என்பதற்கு என்ன சான்று?

பிரிட்டனில் ஓட்டுநர் உரிம அட்டை வைத்திருப்பவர்கள் அதன் பின்பக்கத்தை அதிகம் திருப்பிப் பார்ப்பதில்லை. முன்பக்கத்தில் முகம், பெயர், முகவரி எல்லாம் சரியாக இருந்தால் போதும், பர்ஸுக்குள் போய்விடும். பின்பக்கத்தில் நெருக்கியடித்து ஓர் அட்டவணை இருக்கிறது. பொடிப்பொடியாக வண்டிகளின் படம், அருகே ஓர் எழுத்து, எந்த நாள் முதல் எந்த நாள் வரை என்ற இரண்டு தேதிகள், கடைசியில் நிபந்தனையைக் குறிக்கும் எண்கள். ஒரு மனிதர் தம் வாழ்நாளில் எதையெதை ஓட்டக் கற்றுத் தேறினார் என்ற முழுக் கணக்கும் அந்தச் சிறு கட்டங்களுக்குள் அடங்கிவிடுகிறது. அதில் ஒரு வரி தப்பாக இருந்தால் என்றாவது கண்ணில் பட்டுவிடும். ஒரு வரியே விட்டுப்போயிருந்தால்?

1970-களில் மோட்டார் சைக்கிள் தேர்வில் தேறிய ஒருவரை எண்ணிக்கொள்வோம். பிறகு கார் தேர்விலும் தேறுகிறார். குடும்பம், வேலை என்று ஆனபின் பைக் கொட்டகைக்குள் போய், பிறகு விலைக்கும் போய்விடுகிறது. ஓய்வு பெற்றதும் பழைய ஆசை தலைதூக்க, காப்பீட்டுக்கு விவரம் நிரப்பும்போதுதான் அட்டையைத் திருப்பிப் பார்க்கிறார். மோட்டார் சைக்கிளுக்கு உரிய ‘ஏ’ அங்கே முழு உரிமையாக இல்லை. கற்றுக்கொள்பவருக்குத் தரும் தற்காலிக அனுமதியாக இருக்கிறது. வீடு மாறியபோதா, படத்தைப் புதுப்பித்தபோதா, எப்போது அது உதிர்ந்தது என்று அவருக்கும் தெரியாது. உரிமம் வழங்கும் டி.வி.எல்.ஏ.வுக்கு, ஸ்வான்சீ நகருக்கு, எழுதுகிறார். எங்கள் பதிவில் அப்படி ஓர் உரிமை இல்லை, இருந்ததற்குச் சான்று இருந்தால் அனுப்புங்கள் என்ற பொருளில் பதில் வருகிறது. அந்நாட்டில் இது அபூர்வமான கதை அல்ல.

எல்லா இழப்பும் பிழையல்ல. 1997 ஜனவரி 1-க்கு முன் கார் தேர்வில் தேறியவர்களுக்குக் கேட்காமலே இரண்டு உரிமைகள் சேர்ந்து வந்தன: ஏழரை டன் வரையிலான லாரிக்கு சி1, வாடகைக்கு அல்லாமல் 16 பயணிகள் வரை ஏற்றிச் செல்லும் மினிபஸ்ஸுக்கு டி1. எழுபது வயதில் இவை சட்டப்படியே முடிவுக்கு வருகின்றன. மருத்துவர் பரிசோதித்து நிரப்பிய படிவத்தோடு விண்ணப்பித்தால் தொடரலாம். இணையத்தில் சுலபமாகப் புதுப்பித்துக்கொண்டால் அவை சத்தமில்லாமல் விடைபெற்றுவிடும். இந்திய உரிமத்தையோ இலங்கை உரிமத்தையோ அங்கே நேரடியாக மாற்றிக்கொள்ள வழியில்லை. ஆகவே 1983-இல் இலங்கையில் நடந்த கலவரத்துக்குப் பின் லண்டனுக்குப் போய்ச் சேர்ந்த நம்மவர்கள் அந்த நாட்டுத் தேர்விலேயே தேற வேண்டியிருந்தது. 1997-க்கு முன் தேறியவர்களுக்கு டி1-உம் வந்தது. வார இறுதியில் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளையோ கோயில் அடியார்களையோ மினிபஸ்ஸில் ஏற்றிச் செல்ல அது உதவக்கூடிய உரிமை. அந்தத் தலைமுறை இப்போது எழுபதைத் தொடுகிறது. சட்டம் எடுத்துக்கொண்டதற்கு நாம் சட்டத்தோடுதான் வாதாட வேண்டும். சட்டம் எடுக்காமல், எழுதும் கை விட்டுவிட்டதைப் பற்றியதே இந்தச் சிந்தனை.

அந்தக் கைகள் பல. 1904-இல் பிரிட்டன் முதன்முதலாக ஓட்டுநர் உரிமம் வழங்கியபோது தேர்வே கிடையாது. ஐந்து ஷில்லிங் கட்டினால் போதும். தேர்வு கட்டாயமானது 1935-இல். அதற்குப் பின்னும் பல பத்தாண்டுகள் உள்ளூர் மன்றங்கள்தான் உரிமம் தந்தன: சிவப்பு அட்டை போட்ட ஒரு சிறு புத்தகம், புதுப்பிக்கும்போதெல்லாம் உள்ளே ஒட்டப்படும் ஒரு தாள். 1970-களில் அந்தப் பொறுப்பு ஸ்வான்சீக்குப் போய், புத்தகம் பச்சைத் தாளாயிற்று. 1986-க்குப் பின் இளஞ்சிவப்புத் தாள். 1998-இல் படம் பதித்த அட்டை. அதற்குத் துணையாக இருந்த காகிதமும் 2015 ஜூன் 8-இல் செல்லாததாயிற்று. நடுவில் 1990-இல் எழுத்துகளே இடம் மாறின. அதற்கு முன் ‘ஏ’ என்றால் கார், ‘டி’ என்றால் மோட்டார் சைக்கிள். அதன்பின் ‘ஏ’ மோட்டார் சைக்கிள், ‘பி’ கார், ‘டி’ பேருந்து. பழைய எழுத்தைப் புதிய எழுத்தாக மாற்றி எழுதிய எவரோ ஒருவர் ஒரு மாலை நேரத்துக் களைப்பில் ஒரு கட்டத்தை விட்டிருந்தால், அதை யாரும் சதி என்று சொல்ல முடியாது. ஐந்து கோடிப் பேரின் பதிவுகளைச் சுமக்கும் அலுவலகத்தில் பிழையே நேராது என்று எதிர்பார்ப்பவன் அலுவலகம் எதையும் பார்த்தறியாதவன். பிழையை மன்னித்துவிடலாம். பிழை நேர்ந்தபின் நிரூபிக்கும் சுமை யார் தலையில் ஏறுகிறது என்பதில்தான் என் மனம் ஒப்பவில்லை.

ஏனென்றால், பழைய உரிமத்தைப் புதியதாக மாற்றிக்கொள்ளப் பொதுவாக ஒரு நிபந்தனை இருந்தது: பழையதைக் கொடுத்தால்தான் புதியது கிடைக்கும். குடிமகன் தன் கையில் இருந்த ஒரே சான்றை உறையிலிட்டு, அஞ்சல்தலை ஒட்டி, தானே அனுப்பிவைக்கிறான். சட்டம் சொன்னதால் அனுப்புகிறான். அரசின் ஞாபகம் தன் ஞாபகத்தைவிட உறுதியானது என்று நம்பியும் அனுப்புகிறான். பின்னொரு நாள் அதே அரசு அவனிடம், நீ தேறியதற்கு என்ன சான்று என்று கேட்கிறது. சிவன் முதியவராக வந்து நீட்டிய அடிமை ஓலையைத் திருமணப் பந்தலில் சுந்தரர் பறித்துக் கிழித்த கதையை நாம் அறிவோம். கிழிந்தது படி ஓலை, மூல ஓலை என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்று திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் எடுத்து நீட்டினார் வந்த முதியவர். சபையார் அதைச் சுந்தரருடைய பாட்டனாரின் வேறு கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே தீர்ப்புச் சொன்னார்கள். கடவுளே வழக்காட வந்தாலும் மூலத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் வரவேண்டியிருந்தது. இங்கேயோ மூலத்தை வாங்கி வைத்துக்கொண்ட தரப்பே சபையாகவும் அமர்ந்து, மனுதாரரைப் பார்த்து மூலம் எங்கே என்று கேட்கிறது.

அலுவலகத்தின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. ஒருபோதும் தேர்வுக்கே போகாத ஒருவன், நானும் தேறியவன்தான் என்று வந்து நிற்கலாம். அவன் சொல்லை நம்பி ஏழரை டன் எடையைச் சாலையில் இறக்கிவிட்டால், அதற்கான விலையைக் கொடுப்பவர் நடைபாதையில் போகிற யாரோ ஒருவர். எச்சரிக்கை தவறல்ல. ஆனால் எச்சரிக்கைக்கும் முடிவான மறுப்புக்கும் இடையே ஒரு தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தை நம் பழைய தர்க்க நூலார் அளந்தே வைத்திருக்கிறார்கள்.

எதை வைத்து ஒன்றை மெய்யென்று அறிவது என்ற கேள்விக்குக் காட்சி, கருதல், உரை என்று அளவைகளை வகுத்தவர்களில் சிலர் அவற்றோடு இன்மை என்ற ஒன்றையும் கணக்கில் சேர்த்தார்கள். இங்கே குடம் இல்லை என்பதும் ஓர் அறிவுதான். ஆனால் அந்த அறிவு செல்லுபடியாக ஒரு நிபந்தனை உண்டு: இருந்திருந்தால் கண்ணுக்குத் தெரிந்தே இருக்கும் என்ற நிலை வேண்டும். விளக்கேற்றிய அறையில் குடம் தென்படாவிட்டால் குடம் இல்லை என்று சொல்லலாம்; இருட்டறையில் கைவிட்டுத் துழாவியவன் அப்படிச் சொன்னால் அவன் அறிந்தது தன் துழாவலின் எல்லையை மட்டுமே. உள்ளூர் மன்றத்திலிருந்து மத்திய அலுவலகத்துக்கும், காகிதத்திலிருந்து கணினிக்கும், ஓர் எழுத்து முறையிலிருந்து இன்னொன்றுக்கும் பெயர்ந்து வந்த ஒரு பதிவேடு, தன்னில் இல்லாத எதுவும் உலகில் நிகழவே இல்லை என்று சொல்லத் தகுதி பெற வேண்டுமானால், அந்தப் பெயர்ச்சிகளில் எதுவும் சிந்தவில்லை என்று முதலில் அது நிரூபித்தாக வேண்டும். அப்படி நிரூபிக்காதவரை அதன் மௌனம் மௌனம் மட்டுமே. அது மறுப்பு ஆகாது. பதிவில் காணோம் என்பது அலுவலகம் உண்மையாகச் சொல்லக்கூடிய வாக்கியம். நீங்கள் தேறவில்லை என்பது அதனால் சொல்ல முடியாத வாக்கியம். முதல் வாக்கியத்தைச் சொல்லிவிட்டு இரண்டாவதைச் சொன்னதுபோல் நடந்துகொள்வதில்தான் அநீதி நுழைகிறது.

விளைவும் சிறியதல்ல. உரிமத்தில் இல்லாத வகை வண்டியை ஓட்டுவது 1988-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 87-ஆம் பிரிவின்படி குற்றம். விபத்து நேர்ந்தால் காப்பீடும் கேள்விக்குறியாகும். நேற்றுவரை திறமையும் உரிமையும் ஒருங்கே பெற்றிருந்தவர், கையும் காலும் கண்ணும் அப்படியே இருக்க, ஒரு கட்டம் வெறுமையானதால் சட்டத்துக்கு வெளியே நிற்கிறார். மறுபடி தேர்வெழுதித் தேறிவிடலாமே என்று சொல்பவர்கள் உண்டு. செலவையும் வயதையும் விடுங்கள்; ஏற்கெனவே கொடுத்து முடித்த ஒன்றை மறுபடி கொடு என்பதற்கு நடைமுறை ஞானம் என்று பெயரிட எனக்கு மனம் வரவில்லை.

நம் வாழ்வில் நாம் ஈட்டியவை எத்தனை இப்படி இன்னொருவர் ஞாபகத்தில் குடியிருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால் சற்றே நடுக்கம் வரும். பிறந்த தேதி, படித்த படிப்பு, உழைத்த ஆண்டுகள், சேர்த்த ஓய்வூதியம், நாட்டில் தங்கும் உரிமை, எல்லாமே நிகழ்ந்தது நம்மிடம். நிகழ்ந்ததென்று சொல்லும் வாய் மட்டும் நம்மிடம் இல்லை. ஊராரின் நினைவு சாட்சியாக இருந்த காலத்தில் ஒருவன் வண்டி ஓட்டத் தெரிந்தவனா என்பதற்கு அவன் ஓட்டியதைக் கண்ட நாலு பேர் போதும். அந்த நாலு பேரின் இடத்தை அரசு எடுத்துக்கொண்டது, நம் நன்மைக்காகவே எடுத்துக்கொண்டது, முகம் தெரியாத கோடிப் பேர் ஒரே சாலையில் ஒருவரை ஒருவர் நம்பிச் செல்ல வேறு வழி இல்லை என்பதால் எடுத்துக்கொண்டது. ஆனால் பிறர் பொருளை அடைக்கலமாக வாங்கி வைத்தவருக்கு அதைத் திருப்பிக் கொடுக்கும் கடமை இருப்பதுபோலவே, பிறர் வாழ்வின் சான்றை வாங்கி வைத்தவருக்கும் அதைக் காக்கும் கடமையும், காக்கத் தவறியபோது ஐயத்தின் பலனை உரியவருக்கே விட்டுக்கொடுக்கும் கடமையும் உண்டு. ஒப்படைத்தவனையே திருடனைப்போல் விசாரிப்பது அடைக்கல தர்மம் ஆகாது.

பிரிட்டனின் சட்டமே இந்தக் கடமையைப் பாதியளவு ஏற்றிருக்கிறது. தனிமனிதத் தகவல்கள் துல்லியமாக இருக்க வேண்டும், பிழையிருந்தால் திருத்தக் கேட்கும் உரிமை உண்டு என்று தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. தன்னைப் பற்றி அலுவலகம் வைத்திருக்கும் பதிவுகளின் நகலை எவரும் கேட்டுப் பெறலாம். உள்முறையீட்டில் தீராவிட்டால் போக்குவரத்துத் துறையின் சுதந்திரமான புகார் மதிப்பீட்டாளர்கள், அதற்கும் மேல் எம்.பி. வழியாக நாடாளுமன்றக் குறைதீர்ப்பு அதிகாரி. 2016-இல் அந்தக் குறைதீர்ப்பு அலுவலகம் இதே நிறுவனத்தைப் பற்றி ஒரு கடுமையான அறிக்கை வெளியிட்டது; அது உடல்நலக் காரணத்தால் உரிமம் பறிபோனவர்களைப் பற்றியது என்றாலும், அரசு அலுவலகத்தின் முடிவும் கேள்விக்கு உட்பட்டதே என்பதை அது காட்டியது. மீதிப் பாதிதான் எழுதப்படாமல் இருக்கிறது: பழைய சான்றைத் தானே திரும்ப வாங்கிக்கொண்ட அலுவலகம், அது தொலைந்த பிறகு வெறும் இன்மையை மட்டும் காட்டி ஒருவரின் உரிமையை மறுக்கக் கூடாது என்ற விதி. பழைய காப்பீட்டுத் தாள், படைப் பணிக் குறிப்பு, அன்று உடன் சென்றவரின் உறுதிமொழி என்று கிடைப்பதை எல்லாம் சேர்த்து எடைபோட்டு, எது நிகழ்ந்திருக்க அதிக வாய்ப்பு என்று தீர்மானிப்பதே முறை. சிவில் வழக்குகளில் நீதிபதிகள் அன்றாடம் செய்வதும் அதுதான்.

அந்த விதி வரும்வரை ஒன்று செய்யுங்கள். உரிமத்தை எதற்காக அனுப்ப நேர்ந்தாலும், உறையில் இடுமுன் இரு பக்கமும் தெளிவாக நகலெடுத்து வீட்டில் வையுங்கள். இணையத்தில் உங்கள் பதிவைத் திறந்து, காட்டப்படும் உரிமைகளைத் தேதியோடு சேமித்துக்கொள்ளுங்கள். புது அட்டை வந்தால் அன்றைக்கே பின்பக்கத்தைப் பழைய நகலோடு வரிவரியாக ஒப்பிடுங்கள். ஒரு வரி குறைந்தாலும் மறுநாளே எழுதுங்கள்.