ஜும்ஆ உரை: புதியவனிடம் விலை கேட்கும் சகோதரத்துவம்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவனுடைய தூதர் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் மீதும் அருளும் சாந்தியும் உண்டாகட்டும். தனிமையிலும் கூட்டத்திலும் அல்லாஹ்வை அஞ்சி நடக்குமாறு முதலில் எனக்கும் பிறகு உங்களுக்கும் நினைவூட்டிக்கொள்கிறேன். இன்று 'கூட்டத்தில்' என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். தனியாக இருக்கும்போது செய்யக் கூசும் காரியத்தை, பத்துப் பேரோடு சேர்ந்தால் மனிதன் சிரித்துக்கொண்டே செய்துவிடுகிறான்.

அன்புச் சகோதரர்களே, சகோதரிகளே! கல்லூரி திறந்து பிள்ளைகள் விடுதிக்குப் போகும் காலத்தில் நம் ஊரே மாறிவிடுகிறது. கோரிமேடு, காலாப்பட்டு, கதிர்காமம், மதகடிப்பட்டு என்று எந்தப் பக்கம் போனாலும் பெட்டியோடு ஒரு பையனும் கலங்கிய முகத்தோடு ஒரு தகப்பனும் நிற்கிறார்கள். காரைக்காலிலிருந்து வருகிறார்கள், மாஹேயிலிருந்து வருகிறார்கள், ஏனாமிலிருந்து வருகிறார்கள். அந்தப் பையன் விடுதி அறையில் முதல் இரவு படுக்கும்போது கதவைத் தட்டப்போவது யார்? இன்றைய பேச்சு அதைப் பற்றியதுதான்.

அமெரிக்கக் கல்லூரிகளில் கிரேக்க எழுத்துகளைப் பெயராக வைத்துக்கொண்ட மாணவர் சங்கங்கள் உண்டு. ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. 'சகோதரத்துவம்' என்றுதான் அவற்றுக்குப் பெயர். உள்ளே சேர வருபவனைக் குடிக்க வைப்பது, அவமானப்படுத்துவது, அடிப்பது என்று பல இடங்களில் வழக்கமாகி, உயிர்களும் போயிருக்கின்றன. இவற்றை அடியோடு கலைக்க வேண்டுமா, திருத்தினால் போதுமா என்று அங்கே பல காலமாக வாதம் நடக்கிறது. வில்லியம்ஸ் கல்லூரி 1962-லேயே கலைக்கும் முடிவை எடுத்தது. போடோயின் கல்லூரி 1997-ல் எடுத்தது. 'அது அவர்கள் பிரச்சினை, நமக்கென்ன?' என்று நீங்கள் கேட்கலாம். பெயர்தான் நம்மிடம் இல்லை; சரக்கு இருக்கிறது.

சென்னையில் 'ரூட் தல' என்பார்கள். ஒரே பேருந்திலோ ஒரே மின்சார ரயிலிலோ கல்லூரிக்கு வரும் மாணவர்கள் ஒரு கூட்டம். அதற்கு ஒரு தல. புதிதாகச் சேர்ந்தவன் அவன் சொல்கிறபடி கானா பாட வேண்டும், ஜன்னலில் தொங்க வேண்டும், கூப்பிட்டால் சண்டைக்கு வர வேண்டும். 'பஸ் டே' என்று பேருந்தைப் பிடித்து மாலை போட்டுக் கூரையில் ஆடுவார்கள். 2019 ஜூனில் அப்படிக் கூரையில் இருந்தவர்கள் கொத்தாகக் கீழே விழுந்த காட்சியை நீங்களும் கைப்பேசியில் பார்த்திருப்பீர்கள். 2024 அக்டோபரில் சென்ட்ரல் ரயில் நிலையம் அருகே தாக்கப்பட்ட மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர் சில நாட்களில் மருத்துவமனையில் இறந்துபோனார். கைதானவர்கள் பச்சையப்பன் கல்லூரி மாணவர்கள். இரண்டு கல்லூரிக்கும் நடுவே என்ன நிலத்தகராறு? ஒன்றுமில்லை. 'எங்கள் ஆள், உங்கள் ஆள்.' அவ்வளவுதான்.

விடுதிக்குள் இதன் பெயர் ராகிங். நம் ஊரிலிருந்து கடலூர் தாண்டினால் சிதம்பரம். 1996 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு, ஒரு சீனியரின் ராகிங்கில் கொல்லப்பட்டார். அவருடைய தந்தை அப்போது சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். துணைவேந்தரின் பிள்ளைக்கே பாதுகாப்பு இல்லை என்றால், மீன் விற்றுப் படிக்க வைக்கும் தாயின் பிள்ளைக்கு என்ன பாதுகாப்பு? 1997-ல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டு ஆண்டு வரை சிறை. அந்த வழக்கு கடலூர் நீதிமன்றத்தில் தண்டனை, உயர் நீதிமன்றத்தில் விடுதலை என்று போய், 2011-ல் உச்ச நீதிமன்றம் ஆயுள் தண்டனையை மீண்டும் உறுதி செய்தபோது பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தது. இதற்கிடையே 2009 மார்ச்சில் இமாச்சலப் பிரதேசத்தில் இன்னொரு முதலாண்டு மருத்துவ மாணவர், சீனியர்கள் அடித்ததில் இறந்தார். அதே ஆண்டு யுஜிசி நாடு முழுவதற்கும் விதிமுறைகள் கொண்டுவந்தது. மாணவரும் பெற்றோரும் உறுதிமொழிப் பத்திரம் தர வேண்டும் என்பது அதிலிருந்து வந்ததுதான்.

நம்மில் பல குடும்பங்களுக்குப் பிரான்சில் உறவினர் இருக்கிறார்கள். அவர்களைக் கேளுங்கள், 'பிசுத்தாஜ்' என்றால் என்னவென்று சொல்வார்கள். அங்கேயும் ராகிங்தான். 1998 ஜூனில் பிரான்ஸ் அதைக் குற்றமாக்கியது, ஆறு மாதச் சிறை. அந்தச் சட்டத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அவமானப்பட்டவன் விரும்பாமல் செய்தாலும் குற்றம், விரும்பிச் செய்தாலும் குற்றம். 'அவனே ஒத்துக்கிட்டுத்தான் செஞ்சான் சார்' என்ற சாக்கு அங்கே செல்லாது. ஏனென்றால் பயந்தவனின் சம்மதம் சம்மதமே இல்லை.

இப்போது மார்க்கம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

நபி (ஸல்) அவர்களுக்கு முப்பத்தைந்து வயது. இன்னும் நபித்துவம் வரவில்லை. குறைஷிகள் கஅபாவைப் புதுப்பித்துக் கட்டுகிறார்கள். ஹஜருல் அஸ்வத் கல்லை அதன் இடத்தில் தூக்கி வைக்கும் பெருமை எந்தக் குலத்துக்கு என்று தகராறு வந்தது. பனூ அப்துத் தார் குலத்தார் ஒரு பாத்திரம் நிறைய இரத்தம் கொண்டுவந்தார்கள். பனூ அதீ குலத்தாரும் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். எல்லாரும் அந்த இரத்தத்தில் கையை முக்கி, செத்தாலும் விட்டுக்கொடுப்பதில்லை என்று சத்தியம் செய்தார்கள். 'இரத்தம் நக்கியவர்கள்' என்றே அவர்களுக்குப் பெயர் வந்ததாக இப்னு ஹிஷாம் எழுதுகிறார். அருவருப்பாக இருக்கிறதா? அருவருப்புதான் அதன் வேலை. சேர்ந்து ஒரு அசிங்கத்தைச் செய்துவிட்டால் பிறகு யாரும் விலக முடியாது, வாய் திறக்க முடியாது. இன்றைய விடுதிக் கூட்டங்கள் புதியவனை ஒரு அசிங்கத்தைச் செய்ய வைப்பதும் இதே கணக்கில்தான். அந்தப் பாத்திரத்தில் இருப்பது மட்டும் மாறியிருக்கிறது.

சில நாட்கள் அப்படியே முறைத்துக்கொண்டு நின்றார்கள். அடுத்து வாசலில் நுழைபவரின் தீர்ப்பை ஏற்போம் என்று முடிவானது. நுழைந்தவர் நபி (ஸல்) அவர்கள். ஒரு துணியை விரித்தார்கள், கல்லை அதில் வைத்தார்கள், ஒவ்வொரு குலமும் துணியின் ஒரு ஓரத்தைப் பிடித்துத் தூக்கச் சொன்னார்கள், பிறகு தம் கையால் கல்லை இடத்தில் வைத்தார்கள். கவனியுங்கள், குலங்களைக் கலைக்கவில்லை. எல்லாருக்கும் தூக்குவதற்கு ஒரு வேலை கொடுத்தார்கள். இரத்தப் பாத்திரத்துக்குத்தான் வேலை இல்லாமல் போனது.

ஆகவே 'கலைக்க வேண்டுமா?' என்ற கேள்விக்கு இஸ்லாத்தின் பதிலில் இரண்டு பக்கம் உண்டு. இஸ்லாத்தில் அறியாமைக் காலத்து மாதிரியான கூட்டு ஒப்பந்தம் கிடையாது என்று நபியவர்கள் சொன்னதை இமாம் முஸ்லிம் பதிவு செய்கிறார். அதே ஹதீஸிலேயே, அக்காலத்தில் இருந்த ஒப்பந்தங்களை இஸ்லாம் பலப்படுத்தவே செய்கிறது என்றும் வருகிறது. அறிஞர்கள் இதை எப்படி விளக்குகிறார்கள்? எங்கள் ஆள் தப்புச் செய்தாலும் நிற்போம் என்கிற ஒப்பந்தம் ரத்து. அநீதி இழைக்கப்பட்டவனுக்காக நிற்போம் என்கிற ஒப்பந்தம் பலப்படும். மக்காவில் சரக்கு விற்றுவிட்டுப் பணம் கிடைக்காமல் தவித்த ஒரு யமன் வியாபாரிக்காக, ஊரில் ஆதரவற்ற ஒரு வெளியூர்க்காரருக்காக, 'ஹில்ஃபுல் ஃபுளூல்' என்ற உடன்படிக்கை நடந்தது. நபியவர்கள் இளமையில் அதில் கலந்துகொண்டார்கள்; இன்று அழைத்தாலும் போவேன் என்ற கருத்தில் பிற்காலத்திலும் பேசினார்கள். அந்த வியாபாரி எந்தக் குலம், எந்தத் தெய்வம் என்று அவர்கள் பார்க்கவில்லை. உங்கள் ஜூனியர் முஸ்லிமா, இந்துவா, கிறிஸ்தவரா என்பதும் இதில் ஒரு கேள்வியே இல்லை.

என் கருத்தைக் கேட்டால், உள்ளே வர அவமானத்தை விலையாகக் கேட்கும் எந்தக் கூட்டமும் கலைக்கப்பட வேண்டியதுதான். அதைத் திருத்துவோம், அளவோடு வைப்போம் என்பதெல்லாம் வீண் பேச்சு.

'கொஞ்சம் ஜாலிக்குத்தானே ஹஜ்ரத், அப்பத்தான் பழக்கம் வரும்' என்று இளைஞர்கள் சொல்வார்கள். புகாரியில் ஜாபிர் (ரலி) அறிவிக்கும் சம்பவத்தைக் கேளுங்கள். ஒரு பயணத்தில் முஹாஜிர்களில் ஒருவர் விளையாட்டுத்தனம் உள்ளவர். அன்சாரி ஒருவரின் பின்புறத்தில் ஒரு தட்டுத் தட்டினார். ஜாலிக்குத்தான்! அன்சாரிக்குக் கோபம் தலைக்கேறியது. 'அன்சாரிகளே வாருங்கள்' என்று இவர் கத்த, 'முஹாஜிர்களே வாருங்கள்' என்று அவர் கத்த, கைகலப்பு வரும் நிலை. அன்சார், முஹாஜிர் என்ற இரண்டு பெயரும் குர்ஆன் புகழ்ந்த பெயர்கள். அந்தப் பெயர்களைச் சண்டைக்கு ஆள் சேர்க்கப் பயன்படுத்தியதும் நபியவர்கள் அதை அறியாமைக் காலத்து அழைப்பு என்றார்கள், நாற்றமெடுத்தது, விட்டுவிடுங்கள் என்றார்கள். நயவஞ்சகன் அப்துல்லாஹ் பின் உபை அந்தச் சந்தர்ப்பத்தைத்தான் பிடித்துக்கொண்டு, மதீனா போனதும் இவர்களை வெளியேற்றுவோம் என்று பேசினான். ஒரு தட்டு, இரண்டு கூப்பாடு, அவ்வளவில் ஒரு சமுதாயமே உடையப் பார்த்தது.

இன்னொரு பயணத்தில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவரின் கயிற்றை ஒருவர் விளையாட்டாக எடுக்க, அவர் திடுக்கிட்டு எழுந்தார். ஒரு முஸ்லிமைப் பயமுறுத்துவது முஸ்லிமுக்கு ஆகுமானதல்ல என்றார்கள் நபியவர்கள். அபூதாவூதில் வருகிறது. ஒரு கயிற்றுக்கே இப்படி என்றால் நள்ளிரவில் கதவை உதைப்பதற்கு என்ன சொல்வது?

மதீனாவில் யார் சீனியர்? அன்சாரிகள். வீடு அவர்களுடையது, தோட்டம் அவர்களுடையது, சந்தை தெரிந்தவர்கள் அவர்கள். ஜூனியர் யார்? மக்காவிலிருந்து வெறுங்கையோடு வந்த முஹாஜிர்கள். நபியவர்கள் ஒருவருக்கு ஒருவரைச் சகோதரராக ஆக்கினார்கள். ஸஅத் பின் ரபீஃ (ரலி) தம்முடைய ஜூனியரான அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களிடம் என்ன வாங்கினார்? ஒன்றும் வாங்கவில்லை. தன் சொத்தில் பாதியைத் தருகிறேன் என்றார். அப்துர் ரஹ்மான், அல்லாஹ் உங்களுக்கு பரக்கத் செய்யட்டும், சந்தைக்கு மட்டும் வழி காட்டுங்கள் என்றார். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தன் காலில் நின்றார். சீனியர் கொடுக்க வந்தார், ஜூனியரின் மானம் அப்படியே இருந்தது. சீனியராக இந்த உரையைப் படிக்கும் தம்பி, எந்த மெஸ்ஸில் சாப்பாடு சுமார், எந்தப் புத்தகத்தைப் பழைய விலைக்கு வாங்கலாம், எந்த ஆசிரியரிடம் பயப்படாமல் சந்தேகம் கேட்கலாம் என்று உனக்குத் தெரியும். அதுதான் இன்றைக்குச் சந்தைக்கு வழி.

'நண்பனைக் காட்டிக்கொடுக்கக் கூடாது' என்பார்கள். அநியாயம் செய்பவனாக இருந்தாலும் அநியாயம் செய்யப்பட்டவனாக இருந்தாலும் உன் சகோதரனுக்கு உதவு என்று நபியவர்கள் சொன்னபோது, தோழர்களே குழம்பி, அநியாயக்காரனுக்கு எப்படி உதவுவது என்று கேட்டார்கள். அவனைத் தடுப்பதுதான் அவனுக்குச் செய்யும் உதவி என்று விளக்கம் வந்தது. யுஜிசி விதியில் ஒன்று உண்டு: செய்தவர் யார் என்று தெரியாவிட்டால் கூட்டாகத் தண்டிக்கலாம். ஒருவர் சுமையை மற்றவர் சுமப்பதில்லை என்கிறது குர்ஆன் (6:164). எனவே இந்த விதி எனக்கு முழுதாக மனதுக்கு ஒப்பவில்லை. ஆனால் சாட்சியை மறைப்பவனின் உள்ளம் பாவத்துக்குரியது என்றும் அதே குர்ஆன்தான் சொல்கிறது (2:283). பார்த்தவன் வாய் திறந்தால் அந்த விதிக்கே வேலை இல்லை.

நம் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. விடுதியில் 'நம்ம பசங்க' என்று தனி வாட்ஸப் குழு வைத்திருக்கிறார்கள். ஜும்ஆவுக்குச் சேர்ந்து வர, ரமளானில் ஸஹருக்கு ஏற்பாடு செய்ய என்றால் மாஷா அல்லாஹ். அதே குழுவில் 'எல்லாரும் உடனே கேட்டுக்கு வாங்க, நம்ம ஆளை அடிச்சுட்டாங்க' என்று செய்தி வந்தால் அது பழைய இரத்தப் பாத்திரம்தான், மேலே பிறை போட்டிருந்தாலும். பெற்றோரே, உங்கள் பிள்ளை அப்படி ஒரு குழுவில் இருக்கிறானா என்று இன்று மாலை கேளுங்கள்.

பிள்ளை வார விடுமுறையில் வந்து, திரும்பிப் போக வயிற்றுவலி என்றால், 'ஆம்பளைப் பிள்ளை, தாங்கிக்கடா' என்று பஸ் ஏற்றிவிடாதீர்கள். உட்கார வைத்துக் கேளுங்கள். பிள்ளை சொல்லாவிட்டாலும், மறுநாள் நீங்களே போய் விடுதி வார்டனைப் பாருங்கள். 24 மணி நேரமும் எடுக்கும் யுஜிசியின் இலவச எண் 1800-180-5522. பிள்ளையும் பேசலாம், நீங்களும் பேசலாம். மகள்களிடமும் கேளுங்கள். பெண்கள் விடுதியில் அடி குறைவாக இருக்கலாம், ஆனால் பரிகாசமும் பட்டப்பெயரும் குறைவில்லை. குர்ஆன் (49:11) பரிகாசத்தைத் தடுக்கும்போது ஆண்களைச் சொல்லிவிட்டுப் பெண்களைத் தனியாக எடுத்துச் சொல்கிறது.

இன்று தொழுகை முடிந்ததும் ஒரு வேலை. செருப்பு வைக்கும் இடத்தில் யாரோடும் பேசாமல் நிற்கும், இந்த ஊர் தெரியாத ஒரு மாணவனை உங்கள் பள்ளிவாசலிலும் பார்ப்பீர்கள். பெயரைக் கேளுங்கள், எந்தக் கல்லூரி என்று கேளுங்கள், வீட்டில் சோறு ஆறுவதற்குள் கூட்டிக்கொண்டு போங்கள்.