பத்து நிமிடம்

பயிற்சி விமானத்திலிருந்து இறங்கி வந்ததும் லாக் புக்கை என் மேசையில் விரித்தான் என் மாணவன் ஒருவன். பறந்தது 50 நிமிடம். "ஒரு மணி நேரம்னு போட்டுக்கலாமா சார்? பத்து நிமிஷம்தானே" என்றான்.

கெட்ட பையன் அல்ல. வணிக விமானி உரிமத்துக்கு நம் நாட்டில் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் பொறுப்பு விமானியாக. ஒவ்வொரு மணிக்கும் ஆயிரக்கணக்கில் காசு. அவன் அப்பா வீட்டை அடமானம் வைத்திருந்தார். அவனைக் கேட்க வைத்தது அந்தக் கடன்தான். எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. ஆனாலும் 50 என்றுதான் எழுத வைத்தேன்.

பறக்காத நேரத்தைப் பேனாவால் எழுதிக்கொள்வதற்கு 'பார்க்கர் பேனா டைம்' என்று விமானிகளிடம் பழைய பெயரே உண்டு. பெயர் வைக்கும் அளவுக்கு அது நடந்திருக்கிறது என்பதுதான் வேதனை.

பறந்து சேர்த்த மணிகளும் எப்போதும் கைகொடுப்பதில்லை. 2009 பிப்ரவரி 12 இரவு, அமெரிக்காவில் பஃபலோ அருகே கோல்கன் ஏர் விமானம் ஒரு வீட்டின் மேல் விழுந்து 50 பேர் இறந்தார்கள். தரையிறங்க வரும்போது வேகம் குறைந்து, எச்சரிக்கையாகக் கட்டுப்பாட்டுத் தண்டு அதிர்ந்தது. மூக்கைத் தாழ்த்த வேண்டிய நேரம் அது. கேப்டன் தண்டைப் பின்னால் இழுத்தார். இறந்தவர்களின் குடும்பத்தார் விடாமல் போராடியதில், ஏர்லைன்ஸ் துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேரம் வேண்டும் என்ற விதி 2013-ல் வந்தது. கண்ணீரில் பிறந்த அந்த விதியை மதிக்கிறேன். ஆனால் அன்று அந்த விமானி அறையில் இருந்த இருவருமே 1,500-ஐத் தாண்டியவர்கள்.

அதனால்தான் மாணவர்களிடம் எண்ணிக்கையைப் பற்றி அதிகம் பேசமாட்டேன். செஸ்னாவின் இறக்கைக்கு அடியில் அவர்கள் குனியும்போது பார்ப்பேன். சின்னக் கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் பெட்ரோலை வடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டும். வெளிர் நீலமாக இருக்கும். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் முத்துப் போல உருண்டு நிற்கும். நூறு நாள் ஒன்றும் இருக்காது. நூற்றியோராவது நாளும், வெயிலில், யாரும் பார்க்காதபோதும் குனிகிறானா? லாக் புக்கில் இதற்குக் கட்டம் கிடையாது.

உரிமம் வாங்கியதும் பிள்ளைகள் பெரிய ஜெட்டுக்கான பயிற்சிக்கு இன்னொரு கடன் வாங்கி ஏர்லைன்ஸ் வாசலில் நிற்கிறார்கள். தப்பில்லை. ஆனால் வாய்ப்பிருந்தால் முதலில் இன்ஸ்ட்ரக்டராக இரு என்பேன். சம்பளம் குறைவு, சொந்தக்காரர்கள் கேலி பேசுவார்கள். நாம் கனவிலும் செய்யாத தவறை மாணவன் ஓடுபாதைக்கு மேலே செய்வான். எந்த நொடி வரை அவன் கையில் விட்டுவைப்பது, எப்போது நாம் வாங்கிக்கொள்வது என்பதை இன்ஸ்ட்ரக்டர் இருக்கையில்தான் நான் கற்றேன்.

அந்தப் பையனும் இப்போது ஒரு சிறிய விமானத்தளத்தில் சொல்லிக்கொடுக்கிறான். போன மாதம் போன் செய்தான். அவனுடைய முதல் மாணவி அன்று தனியாகப் பறந்து இறங்கியிருக்கிறாள்.

"நான் கீழேதான் நின்னேன் சார். எனக்குத்தான் கை நடுங்குச்சு."

"எத்தனை நிமிஷம்?" என்றேன்.

"ஒன்பது" என்றான்.