தற்காப்புப் பயிற்சியும் உண்மையும்

தற்காப்புக் கலையைக் கற்பிப்போன் மாணவனுக்குக் கடமைப்பட்டிருப்பது வெற்றியையா, உண்மையையா?

இவ்வினாவை ஆராய, 1882இல் தோக்கியோவின் எய்சோஜி விகாரையில் யூடோவைத் தொடக்கிய கானோ ஜிகோரோவின் முறை துணைசெய்யும். அவர் பழைய யுயுற்சு மரபின் கொடிய உத்திகளை ‘கத்தா’ எனும் வரையறுத்த வடிவங்களிற் பேணினார். ஏனைய வீழ்த்தல், பிடித்தல் முறைகளையே, எதிராளி முழு வலுவுடன் எதிர்க்கும் ‘ரந்தோரி’ப் பயிற்சிக்கு உரியனவாக்கினார்.

இங்கு ஒரு முரண் தோன்றுகிறது. கொடிய உத்தியை இணங்கி நிற்கும் தோழன்மீதே பயிலலாம். எனவே, எதிர்ப்பவனிடம் அது பலிக்குமா என்பது பயிற்சியிற் புலப்படாது. தீங்கு குறைந்த உத்தியோ நாள்தோறும் சோதிக்கப்படுகிறது. ஆகவே, கொடுமை குறைந்ததே மெய்ம்மைக்கு அணித்தாகிறது.

எனினும், ரந்தோரியும் தெருச்சண்டையன்று. தெருவில் விதியில்லை, எதிரி கத்தி வைத்திருக்கலாம், பலராகவும் வரலாம். இவ்வெல்லையை மறைக்கும் ஆசிரியன், ஓடித் தப்பவேண்டிய இடத்தில் மாணவனை நின்று பொரச் செய்கிறான். அப்பொய்த் துணிவின் விலையைச் செலுத்துபவன் ஆசிரியனல்லன், மாணவனே.

நாள்தோறும் வீழ்ந்தெழுந்து பழகியவன் தன் அளவை அறிவான். ஒதுங்கவேண்டிய இடத்து ஒதுங்க நாணான். வெற்றியை எவ்வாசிரியனாலும் உறுதியளிக்க இயலாது. உண்மையை உரைத்தல் இயலும். இயலுவதால் அதுவே அவன் கடனாகின்றது.