மிதப்பவனின் பங்கு

நேபாளத்தின் சித்வான் தேசியப் பூங்காவுக்கு வடக்கு எல்லையாக ஓடுவது ராப்தி ஆறு. அதன் கரையில் உள்ள சௌராஹா என்ற ஊரிலிருந்து புறப்படும் சுற்றுலாத் தோணிகள் ஒற்றை மரத்தைக் குடைந்து செய்தவை. பெரும்பாலும் இலவ மரம். பயணிகள் ஒருவர் பின் ஒருவராகத் தாழ்ந்த முக்காலிகளில் உட்காருகிறார்கள். தோணியின் விளிம்புக்குச் சற்றுக் கீழேயே தண்ணீர் நிற்பதால் ஒரு பக்கம் சாயக்கூடாது என்பது ஒன்றே அவர்களுக்கு இடப்படும் கட்டளை. துடுப்பு யார் கையிலும் தரப்படுவதில்லை. மணல்திட்டில் வாயைப் பிளந்து வெயில் காயும் மக்கர் முதலையும், நீண்டு ஒடுங்கிய மூக்கோடு மீனை மட்டுமே நம்பி வாழும் கரியாலும், பனிக்காலத்தில் வந்து தங்கும் சக்கரவாகப் பறவைகளும் இருபுறமும் கடந்து போகின்றன. பிற்பகலில் கசராவில் 1978இல் தொடங்கிய கரியால் இனப்பெருக்க நிலையத்தையோ, தாரு மக்களின் ஊர்களையோ பார்த்துவிட்டால் ஒரு நாள் நிறைவாகக் கழிந்துவிடும்.

அந்த நாளில் பயணி செய்தது என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அவர் புறப்பட்ட இடத்தில் இல்லை. முயற்சி இல்லாமல் நிகழும் இந்த நகர்வு, மனித வாழ்வில் தன் செயல் எவ்வளவு, தன்னை மீறியது எவ்வளவு என்ற கேள்வியை எழுப்ப மிகவும் தோதானது. இந்தியச் சிந்தனையாளர்கள் அந்தக் கேள்வியைக் கேட்கும்போது பலமுறை ஆற்றங்கரைக்கு வந்தது தற்செயல் அல்ல.

தமிழில் இதன் பழைய வடிவம் புறநானூற்றின் 192ஆம் பாட்டு. கணியன் பூங்குன்றனார் அதில் காட்டுவது அமைதியான ஆறு அல்ல. மழை பெய்து, பாறையில் மோதி இரைந்து வரும் பெருவெள்ளம். அதில் அகப்பட்ட தெப்பத்தைப் போல உயிர் முறையின், அதாவது ஊழின், வழியே போகிறது என்கிறார். அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவுதான் கவனிக்கத்தக்கது. எல்லாம் விதி, ஆகவே கையைக் கட்டிக்கொண்டு இரு என்று அவர் சொல்லவில்லை. பெரியவரைக் கண்டு வியப்பதில்லை, சிறியவரை இகழ்வது அதைவிடவும் இல்லை என்கிறார். ஊழைப் பற்றிய கருத்து இங்கே செயலை நிறுத்தவில்லை. மற்ற மனிதரை எடைபோடும் பழக்கத்தைத்தான் நிறுத்துகிறது.

கேள்வியைக் கடைசி எல்லைவரை கொண்டுபோனவர்கள் ஆசீவகர்கள் என்ற பழைய சமயத்தினர். மற்கலி கோசாலரின் கொள்கையாகப் பௌத்த நூல்கள் தருவது இது: முயற்சி, வலிமை, ஆண்மை எதற்கும் பயனில்லை, எறிந்த நூலுருண்டை பிரிந்து தீரும்வரை உருள்வதுபோல அறிவாளியும் மூடனும் பிறவிகளில் சுழன்று முடித்த பிறகே துன்பம் தீரும். ஆசீவகரின் சொந்த நூல்கள் கிடைக்கவில்லை. மணிமேகலை, நீலகேசி, சிவஞான சித்தியார் ஆகியவற்றிலும் அவர்களை நாம் எதிர்க்கட்சியின் வாயிலாகவே சந்திக்கிறோம். வாதத்தில் தோற்கடிப்பதற்காக எழுதப்பட்ட உருவத்தை அப்படியே நம்பிவிட முடியாது. ஆயினும் கொள்கை தெளிவு: தோணியில் படகோட்டியே இல்லை.

புத்தர் ஆற்றைப் பார்த்து வேறொன்று சொன்னார். சங்யுத்த நிகாயத்தின் மரக்கட்டைச் சூத்திரத்தில், கங்கையில் மிதந்து வரும் பெரிய கட்டை ஒன்றைத் துறவிகளுக்குச் சுட்டுகிறார். அது இக்கரையில் ஒதுங்காமல், அக்கரையிலும் ஒதுங்காமல், நடுவில் மூழ்காமல், மேட்டில் தட்டி நிற்காமல், மனிதர் கையில் சிக்காமல், மனிதரல்லாதார் கையிலும் சிக்காமல், சுழலில் அகப்படாமல், உள்ளே அழுகாமல் இருந்தால் கடலைச் சேரும். ஏனெனில் கங்கை கடலை நோக்கிச் சாய்ந்தே ஓடுகிறது. பிறகு ஒவ்வொரு தடைக்கும் பொருள் சொல்கிறார். இரு கரைகளும் புலன்களும் அவற்றின் பொருள்களும். மேடு என்பது ‘நான்’ என்னும் செருக்கு. மனிதர் கையில் சிக்குவது இல்லறத்தாரோடு கலந்து அவர்களுடைய இன்ப துன்பங்களில் தோய்ந்துவிடுவது. மனிதரல்லாதார் கையில் சிக்குவது தேவனாகப் பிறக்கலாம் என்ற ஆசையில் நோன்பு நோற்பது. உள்ளழுகல் என்பது வெளிவேடமான துறவு.

இந்த உவமையின் நுட்பம், கட்டை எதையும் செய்வதில்லை என்பதில் இருக்கிறது. கடலுக்குக் கொண்டுபோகும் விசை ஆற்றினுடையது. மனிதன் கவனிக்க வேண்டிய எட்டும் ‘சிக்காமை’ வகையைச் சேர்ந்தவை. ஆசீவகரின் ஓட்டம் இங்கே அப்படியே இருக்கிறது. ஆனால் நடுவழியில் நின்றுபோக எட்டு வழிகள் உண்டு என்ற ஒரே சேர்க்கையால் முயற்சிக்கு மறுபடியும் இடம் கிடைத்துவிடுகிறது. அருகில் நின்று இதைக் கேட்ட நந்தன் என்ற மாட்டுக்காரன் அப்போதே துறவு கேட்கிறான். மாடுகளை உரியவரிடம் ஒப்படைத்துவிட்டு வா என்கிறார் புத்தர். கன்றை நினைத்து அவை தாமே வீடு போய்விடும் என்கிறான் அவன். ஒப்படைத்துவிட்டே வா என்கிறார் மறுபடியும். மாடுகள் தாமே போகும் என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் மேய்ப்பவனின் பொறுப்பு அதனால் தீராது. ஓட்டத்தை நம்புகிறவனுக்கு இதைவிடச் சுருக்கமான மறுப்பு கிடைப்பது அரிது.

அதே நிகாயத்தின் முதல் சூத்திரத்தில், வெள்ளத்தை எப்படிக் கடந்தீர் என்று ஒரு தேவதை கேட்கிறது. நிற்காமலும் திமிறாமலும் கடந்தேன் என்பது புத்தரின் விடை. நின்றபோது மூழ்கினாராம், திமிறியபோது அடித்துச் செல்லப்பட்டாராம்.

ராப்தி போய்ச் சேரும் நாராயணி ஆற்றில் கேள்வி வைணவத்தின் மொழிக்கு மாறுகிறது. காளி கண்டகியும் திரிசூலியும் கூடி நாராயணியாகும் தேவ்காட் என்ற இடத்தில் தை முதல்நாளை ஒட்டிய சங்கராந்தியன்று மக்கள் திரளாக நீராடுகிறார்கள். காளி கண்டகியின் கற்களே சாளக்கிராமங்கள். அதன் மேற்பகுதியில் உள்ள முக்திநாத்தைத்தான் 108 திவ்ய தேசங்களில் திருச்சாளக்கிராமமாகத் தமிழ் வைணவர் பலரும் கொள்கிறார்கள். பூங்காவின் மேற்கே, இந்திய எல்லையை ஒட்டிய திரிவேணியில்தான் கஜேந்திரன் என்ற யானையை முதலை பிடித்தது என்பது அப்பகுதியினர் நம்பிக்கை. ஆறு கங்கையில் கலக்கும் பீகாரின் சோன்பூரும் அதே உரிமையைக் கோருகிறது. பாகவதமோ அதை மலையடிவாரத்துப் பொய்கையில் நிகழ்ந்ததாகச் சொல்கிறது. (கரியாலின் மெல்லிய தாடை யானையின் காலைப் பற்றக்கூடியதல்ல, கதை இந்த ஆற்றுக்கு உரியதென்றால் குற்றவாளி மக்கராகத்தான் இருக்க வேண்டும்.)

கஜேந்திரன் நெடுங்காலம் இழுத்துப் போராடி, வலு தீர்ந்த பிறகே கூப்பிட்டான். அந்தக் கூப்பாடு அவன் செய்த முயற்சியா, முயற்சியைக் கைவிட்டதன் அடையாளமா? தமிழ்நாட்டு வைணவம் வடகலை, தென்கலை என்று பிரிந்ததில் இந்தக் கேள்விக்குப் பெரும்பங்கு உண்டு. குரங்குக் குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ள வேண்டும் என்பது வடகலையார் சார்பு. பூனைக் குட்டியைத் தாயே கவ்விச் செல்கிறது என்பது தென்கலையார் சார்பு. தென்கலையார் போற்றும் பிள்ளை லோகாசாரியர் வழியில், சரணாகதியைக்கூடத் தன் சாதனமாக எண்ணுவது பிழை. மிதத்தலைப் பற்றி இதைவிடத் தீவிரமான நிலைப்பாடு வேறில்லை. ஆனால் அந்தப் பூனைக் குட்டியும் துள்ளாமல் இருந்தாக வேண்டும் என்பது உவமையிலேயே இருக்கிறது.

இந்த வாதங்களில் பெரும்பாலானவை முக்காலியில் அமர்ந்திருப்பவரின் இடத்திலிருந்து எழுந்தவை. தோணியின் பின்முனையில் கழியோடு நிற்பவருக்கு ஆறு வேறுவிதமாகத் தெரியும். எங்கே மணல் மேடிட்டிருக்கிறது, எந்த மரவேர் நீருக்கடியில் நீட்டிக்கொண்டிருக்கிறது, முதலைக்கு எவ்வளவு தள்ளிப் போக வேண்டும் என்பதெல்லாம் கழி ஊன்றும் ஒவ்வொரு முறையும் அவர் எடுக்கும் முடிவுகள். பயணிகள் இறங்கிய பிறகு வெறுந்தோணியை எதிர்நீரில் மேலே தள்ளிக்கொண்டு போவதும் அவர் வேலைதான். ஓட்டம் ஆற்றுடையது என்பதை அவர் மறுக்கமாட்டார். எல்லாம் ஓட்டமே என்றால் ஒப்பமாட்டார்.

வள்ளுவர் இரண்டு இடங்களிலிருந்தும் பேசியிருக்கிறார். ஊழைவிட வலியது எது என்று கேட்டு ‘ஊழ்’ அதிகாரம் முடிகிறது. தளராமல் முயல்பவர் அந்த ஊழையே புறங்காண்பர் என்று ‘ஆள்வினையுடைமை’ முடிகிறது. உரைகளைப் படித்து இரண்டையும் ஒட்டவைக்க முயல்வதைவிட அவை நிற்கும் இடங்களைப் பார்ப்பது நல்லது. முன்னது அறத்துப்பாலின் கடைசி அதிகாரம்; துறவறம் பேசி முடித்த பின் வருவது. பின்னது பொருட்பாலில், அரசனுக்கும் ஆள்வினைக்கும் உரிய பகுதியில் வருவது. நடந்ததை ஏற்றுக்கொள்ள வேண்டியவருக்கு ஊழையும், செய்து முடிக்க வேலை உள்ளவருக்கு முயற்சியையும் வள்ளுவர் தனித்தனியே வைத்தார் என்று கொள்வதே பொருத்தம்.